கோட்டை மிஞ்சிய ஊரும் கல்லறை மிஞ்சிய ஊரும்

சோழமண்டலக் கரையில் ஐரோப்பியக் கம்பெனிகள் விரித்த கடைகளில் பெரிய கடை பழவேற்காடு. மிகச் சிறியவற்றில் ஒன்று தரங்கம்பாடி. ஒல்லாந்தருக்குக் கப்பலும் காசும் படையும் மிகுதி. டேனியருக்கு மூன்றுமே தட்டுப்பாடு. இன்று இரண்டு ஊர்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகத் தோன்றும். தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது. நகர வாயில், ராஜ வீதி, ஆளுநர் மாளிகை, இரண்டு தேவாலயங்கள் எல்லாம் நிற்கின்றன. பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடும் அகழியின் தடமும்தான். ஒல்லாந்தர் காலத்தில் நிமிர்த்தியவற்றுள் இன்றும் நிமிர்ந்திருப்பது அவர்களுடைய கல்லறைத் தோட்டம். வலுத்தவர் ஊரில் கல்லறையும் இளைத்தவர் ஊரில் கோட்டையும் மிஞ்சியது ஏன் என்ற கேள்வியோடு இவ்விரு சிற்றூர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டுக்கும் இடையே சாலை வழியில் 300 கிலோமீட்டருக்கு மேல். ஒன்று பொன்னேரிக்குக் கிழக்கே, ஆந்திர எல்லையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. மற்றது பொறையாற்றை ஒட்டி, காரைக்காலுக்கு வடக்கே இருக்கிறது. ஆனால் இவற்றின் பிறப்புச் சான்றிதழ்கள் பத்தாண்டு இடைவெளியில், ஏறத்தாழ ஒரே வாசகத்தில் எழுதப்பட்டவை. 1610இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடர் ஒல்லாந்தருக்குப் பழவேற்காட்டில் வணிக உரிமை தந்தார். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனியத் தளபதி ஓவே கியெட்டேயுடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியைக் கொடுத்தார். இரண்டு இடத்திலும் கொடுத்தவர் மனத்தில் இருந்த கணக்கு ஒன்றுதான்: கரையில் போர்த்துகீசியர் கை ஓங்கியிருக்கிறது, இன்னொருவனை உள்ளே விட்டால் விலையும் படியும் சுங்கமும் பெருகும். நாயக்கர் டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதிய மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

போர்த்துகீசியர் சும்மா இருக்கவில்லை. சாந்தோமிலிருந்து வந்து 1612இல் பழவேற்காட்டுக் கிடங்கைத் தகர்த்தார்கள். மறு ஆண்டே ஒல்லாந்தர் கோட்டை கட்டினார்கள். அதைக் கட்டுவித்த அதிகாரி தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்கு வைத்தார். தெற்கே, டேனியரின் முன்னோடிக் கப்பலையும் போர்த்துகீசியர் காரைக்காலருகே தாக்கி அழித்தார்கள். பிழைத்தவர்கள் ஒரு கைப்பிடி பேர். அவர்களுடன் தப்பிய கப்பல் தலைவர் தஞ்சை அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்து, நாயக்கரிடம் பேசிவைத்ததில்தான் தரங்கம்பாடி உடன்படிக்கைக்கே வழி பிறந்தது. அவர் பெயர் ரோலண்ட் கிராப்பே.

இங்கேதான் நாம் எதிர்பாராத உறவு ஒன்று தலைகாட்டுகிறது. இந்தக் கிராப்பே டேனியர் அல்லர், ஒல்லாந்தர்; முன்பு ஒல்லாந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர். டேனியக் கம்பெனியை 1616இல் தொடங்கும்படி மன்னரைத் தூண்டியவர்களும் ஒல்லாந்த வணிகர்களே. இலங்கைக்குக் கப்பல் அனுப்புங்கள் என்று கோபன்ஹேகனுக்கு வந்து கேட்ட போஷோவர் என்பவரும் கண்டி அரசரின் தூதராக வந்த ஒல்லாந்தர்தான். இலங்கைத் திட்டம் கைகூடாமல் போக, கப்பல்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம்தான் தரங்கம்பாடி. ஆக, பழவேற்காட்டை வைத்திருந்த கம்பெனியின் வாசல்படி தாண்டி வெளியே போன ஆட்கள், அதே கரையில் தெற்கே போட்ட எதிர்க்கடை என்று தரங்கம்பாடியைச் சொன்னால் பெரிய தவறில்லை. வரலாற்று நூல்களில் இவை தனித்தனி அத்தியாயங்களாக வருவதால் இந்த உறவு கண்ணில் படுவதில்லை.

உறவு அத்தோடு நிற்கிறது. வாழ்வு வேறு வேறு. பழவேற்காட்டுக்கு ஆண்டுதோறும் கப்பல்கள் வந்தன. அங்கே வெடிமருந்துப் பட்டறை இருந்தது, நாணயச் சாலை இருந்தது. சோழமண்டலக் கரையின் ஒல்லாந்தத் தலைமையகமே 1690 வரை அதுதான். தரங்கம்பாடிக்கோ 1639க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூடப் புறப்படவில்லை. கோட்டையில் இருந்த டேனியர் ஒவ்வொருவராகச் செத்தும் சிதறியும் போக, கடைசியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற ஒரே ஆள் உள்ளூர்ச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். நாயக்கரின் படை வந்து முட்டியபோது ஊரைச் சுற்றி மதில் எழுப்பியவரும் அவரே. 1669இல் கப்பல் வந்து சேர்ந்தபோது கொடி இறங்காமல் பறந்துகொண்டிருந்தது. கம்பெனி மறந்துவிட்ட ஒரு கிடங்கை ஒற்றை ஊழியர் விடாமல் வைத்திருந்த இந்தக் கதைக்கு இணையாகப் பழவேற்காட்டில் எதுவும் கிடையாது. அங்கே எல்லாம் கணக்குப் புத்தகத்தில் பதிவாகும் ரகம்.

1690இல் ஒல்லாந்தர் தலைமையகத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். நாகப்பட்டினம் தரங்கம்பாடியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பெரிய கடை சின்னக் கடையின் அடுத்த தெருவுக்கே குடிவந்த மாதிரி ஆயிற்று. பழவேற்காட்டுக்கு அன்று தொடங்கிய இறக்கம் இடையில் சற்று நின்றது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் விழுந்த பிறகு தலைமைப் பெருமை மறுபடி வடக்கே வந்தது. அந்த நேரத்தில் அது பெருமையைவிடச் சுமைதான்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டபோது, ஒல்லாந்தக் கோட்டை ஓர் இலக்கு. அதைப் பிடிப்பதிலும் சிதைப்பதிலும் எதிரிக்கு லாபம் உண்டு. கெல்ட்ரியா 1781இலும் 1795இலும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. போர்களில் சிதைந்து, இடிபட்டு, கல்லும் செங்கல்லும் பெயர்ந்து போயின. டேனியர் பெரும்பாலும் நடுநிலை வகித்தவர்கள். நடுநிலைக் கொடிக்குக் கீழே எல்லார் சரக்கும் வந்து ஒதுங்கியதால், மற்றவர்கள் சண்டையிட்ட காலமே தரங்கம்பாடிக்கு நல்ல காலம். நகர வாயில் 1792இல் புதிதாக எழுந்தது அந்தச் செழிப்பில்தான். ஆங்கிலேயர் அந்த ஊரையும் 1801இலும் 1808இலும் பிடித்தார்கள். ஆனால் மெனக்கெட்டு இடிக்கவில்லை. இடிக்கும் அளவுக்கு அதைக் கண்டு யாரும் பயப்படவில்லை என்பதே என் கணிப்பு.

பின்னர் வந்த கைமாற்றங்களும் ஒத்துப்போகின்றன, ஓர் இழை வேறுபாட்டோடு. பழவேற்காடு 1824 லண்டன் உடன்படிக்கையில் மலாக்காவோடு சேர்த்து, சுமத்ராவின் பென்கூலனுக்கு ஈடாகப் பரிமாறப்பட்டது. அடுத்த ஆண்டு கொடி மாறியது. தரங்கம்பாடி 1845இல் வங்கத்தின் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஒன்று பண்டமாற்று, மற்றது ரொக்க விற்பனை. விற்றுப்போன கட்டடத்தை வாங்கியவர் பயன்படுத்துவார் அல்லவா? டான்ஸ்போர்க் வெள்ளையர் அரசின் அலுவலகமாகவும், பிறகு நெடுங்காலம் பயணியர் விடுதியாகவும் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்ததால் கூரை ஒழுகும்போது யாராவது பார்த்தார்கள். இன்று மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. கெல்ட்ரியாவுக்கு அப்படியொரு வாடகைக்காரர் வாய்க்கவில்லை.

டான்ஸ்போர்க்கின் உள்ளே போனால் முகப்பு மாடியில் அதிகாரிகளும் பாதிரிமாரும் தங்கிய அறைகள்; கீழே கிடங்கு, சமையலறை, சிறை. சரக்கும் கைதியும் ஒரே தளத்தில் பூட்டப்பட்டிருந்தார்கள் என்பதே ஒரு வணிகக் கோட்டையைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது. பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலிலோ, இரு புறத்துக் கல்தூண்களிலும் மனித எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே சதுரமாக, கூம்பாக, வளைவு வைத்த மண்டபமாகக் கல்லறைகள். தரையில் பதித்த கருங்கற்பலகைகளில் குலச் சின்னமும் சுற்றிலும் ஒல்லாந்த எழுத்தும், விரல் வைத்துத் தடவினால் இன்றும் விளிம்பு மழுங்காமல் தட்டுப்படுகின்றன. கல்தச்சனின் கைத்திறனைப் பார்க்க வேண்டுமானால் பழவேற்காடு. ஒரு குட்டி ஐரோப்பிய ஊரின் அமைப்பைக் காலால் நடந்து அளக்க வேண்டுமானால் தரங்கம்பாடி. காவலிலும் வேறுபாடு உண்டு: பழவேற்காட்டுக் கல்லறைகள் மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு.

இரண்டு ஊர்களிலிருந்தும் கப்பலேறிய முதன்மைச் சரக்கு துணி. பழவேற்காட்டின் கட்டம் போட்ட துணியும் வண்ணம் தீட்டிய துணியும் கிழக்கே போய் மசாலாவாகத் திரும்பின. மலாய் நாடுகளில் ஆண்கள் உடுத்தும் கட்டக் கைலிக்கு இன்றும் இந்த ஊர்ப்பெயர்தான் வழங்குகிறது. துணியோடு மனிதரும் ஏற்றுமதியானார்கள் என்பதை இரண்டு ஊரின் பலகைகளிலும் காணோம். பதினேழாம் நூற்றாண்டுப் பஞ்சங்களிலும் போர்களிலும் விலைபோன ஆயிரக்கணக்கானோரை ஒல்லாந்தர் பத்தாவியாவுக்குக் கொண்டுபோனார்கள். தரங்கம்பாடியில் 1707இல் ஜெர்மானியப் பாதிரிமார் கையால் முதலில் திருமுழுக்குப் பெற்றவர்கள் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். இந்த ஒற்றுமையில் மகிழ எதுவும் இல்லை. விட்டுவிட்டால் ஒப்பீடு முறையாகாது.

அந்தப் பாதிரிமாரில் ஒருவரை முன்வைத்துத்தான் இவ்விரு ஊர்களின் மிக நெருங்கிய உறவைச் சொல்ல வேண்டும். பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் அச்சு, 1715இல் முடிந்த புதிய ஏற்பாடு, பொறையாற்றருகே கடுதாசிப் பட்டறை, 1718இல் புதிய எருசலேம் ஆலயம், டேனிய ஆளுநரோடு மோதியதால் டான்ஸ்போர்க்கில் சிறைவாசம் என்று அவர் கதை தமிழ் வாசகருக்குப் பழக்கமானது. அவருக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, 1630களில், பழவேற்காட்டுக் கோட்டையில் ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற ஒல்லாந்தப் போதகர் இருந்தார். அவர் பெயரை அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. இருவரும் போதிக்க அனுப்பப்பட்டவர்கள். இருவரும், தாம் மாற்ற வந்த சமயத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, அக்கால ஐரோப்பாவில் இணையில்லாத நூல்களை எழுதினார்கள்.

ரோஜேரியஸுக்குச் சொன்னவர் பத்மநாபன் என்ற பிராமணர். இருவருக்கும் பொதுமொழி போர்த்துகீசியம். சீகன்பால்குவுக்கும் தொடக்கத்தில் கைகொடுத்தது போர்த்துகீசியம் அறிந்த அழகப்பன் என்ற துபாஷி. பிறகு பாதை பிரிகிறது. ரோஜேரியஸ் ஒரே ஆளை ஊன்றுகோலாகக் கொண்டார். ஆகவே அவர் நூலில் விரிவது பிராமணரின் உலகம், அவர்களுடைய நாள் நடப்பு, சடங்கு, வேத வகை. பத்மநாபன் சொல்லச் சொல்ல பர்த்ருஹரியின் நீதி சதகத்தையும் வைராக்கிய சதகத்தையும் எழுதிச் சேர்த்தார். வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியில் அச்சேறியது அதுவே முதல்முறை. சிருங்கார சதகம் மட்டும் அதில் இல்லை. ஆசான் அதை ஒரு பாதிரிக்குச் சொல்லத் தயங்கினாரோ என்னவோ, ஊகிக்கச் சுவையான இடம்.

சீகன்பால்கு மணலில் எழுத்துப் பயிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றவர். ஒருவரை நம்பாமல் ஊரையே கேட்டார். ஆள் விட்டு, ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கினார். 1708இலேயே தம்மிடமிருந்த தமிழ் நூல்களுக்கு விளக்கத்தோடு அட்டவணை போட்டார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய பதில் மடல்களைத் திரட்டினார். அதனால் 1713இல் அவர் முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியில் சிவனும் திருமாலும் மட்டுமல்லாமல் ஐயனாரும் மாரியம்மனும் எல்லம்மனும் பிடாரியும் தத்தமக்கு உரிய இடத்தோடு வருகிறார்கள். பழவேற்காட்டு நூலில் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்த சமயம் தெரிகிறது. தரங்கம்பாடி நூலில் ஊர் எல்லைவரை நடந்து பார்த்த சமயம் தெரிகிறது. தமிழ் வாசகருக்கு இரண்டாவதே நெருக்கம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் முதலாவதில் உள்ள ஒழுங்கும் துல்லியமும் சீகன்பால்குவிடம் எப்போதும் இருப்பதாகச் சொல்ல முடியாது.

இரண்டு நூல்களையும் எழுதியவர்கள் அச்சில் பார்க்கவில்லை. ரோஜேரியஸ் 1649இல் இறந்தார். அவர் நூல் லெய்டனில் 1651இல் வெளிவந்தது, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் போனது. சீகன்பால்குவின் கைப்பிரதி ஜெர்மனியின் ஹாலேக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த மேலிடத்துக்கு அதை அச்சிடும் எண்ணம் இல்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதை ஐரோப்பாவில் பரப்ப நூல் எழுதுவதா என்ற எரிச்சல். 1719இல், 36 வயதில், அவர் தரங்கம்பாடியில் இறந்தார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கமானார். நூல் 1867இல், அதுவும் சென்னையில் அச்சானது. தமிழ் அச்சால் பெயர்பெற்றவரின் தலையாய நூல் அச்சுக்காக நூற்றைம்பது ஆண்டுகள் காத்திருந்தது. அச்சகமே இல்லாத ஊரில் எழுதியவருடையது அவர் இறந்து இரண்டே ஆண்டில் வந்துவிட்டது.

ஐரோப்பியரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்த ஊர்கள் ஒன்றையொன்று ஒத்தும் விலகியும் நிற்கின்றன. தரங்கம்பாடியின் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியதைக் காக்கக் கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். பழவேற்காட்டில் ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புறாங்கல்லில் கட்டியது; அதைக் கடல் தொடவில்லை, கவனிப்பாரின்மைதான் தின்றது. பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரம் பார்க்க வைத்த சூரியக் கடிகை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் முஸ்லிம் பெண்கள் பனையின் குருத்தோலையைக் கிழித்து, சாயம் ஏற்றி, மூடி போட்ட பெட்டிகளாக முடைகிறார்கள். ஐரோப்பியர் போன பிறகும் நிற்காத கைத்தொழில் இது; தரங்கம்பாடியில் இதற்கு ஈடு காண்பது கடினம்.

நீரின் குணமும் நேர் எதிர். தரங்கம்பாடிக்குத் திறந்த கடல். 2004 ஆழிப்பேரலையில் அங்கே மீனவர் குடியிருப்பு பேரிழப்பைக் கண்டது. அதற்குப் பிறகுதான் டேனிய நிறுவனங்களும் இங்குள்ள அமைப்புகளும் சேர்ந்து பழைய கட்டடங்களைச் சீரமைப்பது வேகம் பிடித்தது. பழவேற்காட்டுக்கு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா திட்டு கிடப்பதால் ராக்கெட் கிளம்பும் நாளில் வானம் பார்க்கக் கூட்டம் கூடும்; குளிர்காலத்தில் பூநாரை பார்க்க. தரங்கம்பாடியார் கவலை கடல் உள்ளே வருவது. பழவேற்காட்டார் கவலை கடல் உள்ளே வராமல் போவது: முகத்துவாரம் மணல் மூடினால் ஏரிக்கு உப்புநீர் வராது, இறால் குஞ்சு வராது, படகு வெளியே போக முடியாது. ஒரு ஊருக்குக் கல் கொட்ட வேண்டும். மற்ற ஊருக்கு மண் அள்ள வேண்டும்.

இரண்டு கரையிலும் வலை இழுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பட்டினவர் சமூகம். இரண்டிலும் ஊர்ப் பஞ்சாயத்துக்குத்தான் முதல் சொல். ஆனால் திறந்த கடலில் யார் எங்கே வலை போடுவது என்று கோடு கிழிக்க முடியாது, ஏரியில் முடியும். அப்படிக் கோடு கிழித்ததுதான் பழவேற்காட்டின் 'பாடு' முறை. இறால் நன்றாகப் படும் இடங்கள் எவை என்பது ஊருக்குத் தெரியும். உரிமையுள்ள தலைக்கட்டுகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, இன்று இந்த இடம் இவருக்கு, நாளை அடுத்தவருக்கு என்று முறை வைக்கிறார்கள். நல்ல இடம் யாருக்கும் நிலையாகக் கிடையாது. மோசமான இடமும் யார் தலையிலும் நிலையாக விழாது. கோட்டாய்க்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்கள் இந்த உரிமையை வைத்திருப்பவை. பாடு முறையில் இடமில்லாதவர்களின் முறையீடும் நெடுங்காலமாக உண்டு. ஏரி சுருங்கச் சுருங்க அந்தக் குரல் கூடுகிறது. ஒல்லாந்தரின் கணக்குப் புத்தகங்கள் ஹேக் நகரக் காப்பகத்துக்குப் போய்விட்டன. இந்தக் கணக்கு மட்டும் இன்றும் ஊருக்குள்ளேயே நடக்கிறது.